உடைப்பது ஒரு வேலை, வெளியேற்றுவது இன்னொரு வேலை

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் நீளம் 25 முதல் 30 செ.மீ. உள்விட்டமோ 3, 4 மி.மீ.தான். அதிலும் மூன்று இடங்கள் இன்னும் குறுகல்: சிறுநீரகத்தை விட்டுக் குழாய் தொடங்கும் இடம், இடுப்பில் பெரிய ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். சிறுநீரகக் கல் இறங்கும்போது சிக்குவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றில். 5 மி.மீ.க்குக் குறைவான கல் என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குத் தானாகவே வெளியே வந்துவிடும். 5 முதல் 10 மி.மீ. என்றால் பாதிப் பேருக்கு. வராமல் நின்றுவிட்ட கல்லை என்ன செய்வது? வெளியிலிருந்து அதிர்வலையால் உடைக்கலாம், அல்லது எண்டோஸ்கோப்பை, அதாவது உள்ளே பார்க்க உதவும் மெல்லிய கருவியை, உள்ளே விட்டு எடுக்கலாம்.

அதிர்வலை முறை விமானத் தொழிலிலிருந்து வந்தது. டோர்னியர் என்ற ஜெர்மன் விமான நிறுவனம், அதிவேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆய்வின் கிளையாகப் பிறந்த கருவியில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது 1980 பிப்ரவரியில், மியூனிக் நகரில். அன்று நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். இன்றைய கருவிகளில் தொட்டி இல்லை; தண்ணீர் நிரம்பிய மெத்தை போன்ற பகுதியும் ஜெல்லும் போதும்.

தண்ணீர் எதற்கு? உடலின் மென்திசுக்களும் தண்ணீரும் ஒலியை ஏறக்குறைய ஒரே மாதிரி கடத்துகின்றன. அதனால் அலை தண்ணீரிலிருந்து உடலுக்குள் பெரிய தடையில்லாமல் நுழையும். இடையில் காற்று இருந்தால் அங்கேயே திரும்பிவிடும். ஜெல்லில் சிக்கிய சிறு காற்றுக் குமிழிகள்கூடச் சிகிச்சையின் பலனைக் குறைக்கும். சாதாரணமாகத் தெரியும் இந்த ஜெல் தடவும் வேலையை அலட்சியமாகச் செய்யக்கூடாது.

அலை அகலமாகப் புறப்பட்டு, கல் இருக்கும் புள்ளியில் குவிகிறது. தோலில் வலு குறைவு, கல்லில் உச்சம். கல்லின் முன்பக்கம் நுழைந்த அழுத்தம் பின்பக்க விளிம்பில் எதிரொலிக்கும்போது இழுவிசையாக மாறுகிறது. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. பிளவு அங்கே தொடங்குகிறது. அதோடு, அலையின் பின்பகுதியில் அழுத்தம் சட்டென்று விழுவதால் சுற்றியுள்ள திரவத்தில் நுண்குமிழிகள் உண்டாகி, கல்லின் மேல் உடைந்து மேற்பரப்பை அரிக்கின்றன. இப்படி ஒரு அமர்வில் இரண்டாயிரம், மூவாயிரம் அதிர்வுகள். வேகமாக அடித்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 120 அடிப்பதைவிட 60 அடித்தால்தான் கல் நன்றாக உடைகிறது. முந்தைய அடியின் குமிழிகள் கரைவதற்குள் அடுத்த அலை வந்தால், அவையே அதைத் தடுத்துவிடுகின்றன.

சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லைவிட, குழாயில் இறுகிய கல் இந்த முறைக்கு முரண்டு பிடிப்பதற்கும் இதில் விடை இருக்கிறது. குழாய்ச்சுவர் கல்லை இறுக்கிப் பிடித்திருக்கும்போது குமிழி உருவாகத் திரவம் இல்லை, துண்டுகள் விலகிப்போக இடமும் இல்லை. குழாயின் நடுப்பகுதியில் இடுப்பெலும்பு வேறு குறுக்கே நிற்கும். இவை எல்லாம் சரியாக அமைந்து கல் உடைந்தாலும் சிகிச்சை பாதிதான் முடிந்தது. துண்டுகளை வெளியேற்றும் வேலை உடலுடையது. அதற்கு நாளாகும், சில நேரம் வலியோடு. சிலருக்குத் துண்டுகள் வரிசையாகத் தேங்கிக் குழாயையே அடைத்துக்கொள்ளும்.

எண்டோஸ்கோப் முறையில் இரண்டு வேலையையும் மருத்துவரே செய்கிறார். யூரிட்டரோஸ்கோப் என்பது சுமார் 2, 3 மி.மீ. தடிமனுள்ள கருவி. சிறுநீர் வெளியேறும் வழியாகவே நுழைந்து, சிறுநீர்ப்பையைக் கடந்து, குழாய்க்குள் ஏறும். வெட்டுக் காயமே இல்லை. கீழ்ப்பகுதிக் கல்லுக்கு விறைப்பான கருவி போதும், மேலே இருப்பதற்கு வளையும் கருவி வசதி. உள்ளே போனபின் கல்லை உடைக்க முன்பு அதிகம் பயன்பட்ட காற்றழுத்தக் கருவி, சாலையை உடைக்கும் இயந்திரம் மாதிரி கல்லைக் குத்தும். குத்துகிற வேகத்தில் கல் மேலே ஓடி மறுபடியும் சிறுநீரகத்துக்கே போய்விடுவதும் உண்டு. இப்போது ஹோல்மியம் லேசர். அதன் அலைநீளம் சுமார் 2100 நானோமீட்டர். இந்த ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்வதால், அது அரை மில்லிமீட்டர்கூட ஊடுருவாது. லேசர் இழையின் நுனி கல்லைத் தொட்டால் கல் உடையும், சற்றுத் தள்ளி இருக்கும் சுவர் தப்பும். கல் எந்த வகையாக இருந்தாலும் லேசருக்குக் கவலையில்லை. சிஸ்டின் (ஒரு அமினோ அமிலம்) படிந்து உருவாகும் கல் போன்ற சில வகைகள் அதிர்வலைக்கு அவ்வளவு சுலபமாக மசியாது.

இதற்கும் விலை உண்டு. மயக்க மருந்து வேண்டும். குழாய்ச்சுவரில் காயம் ஏற்படலாம், பின்னாளில் அந்த இடம் சுருங்கலாம், இவை அரிதுதான். அடிக்கடி வரும் தொல்லை வேறு: வீக்கத்தால் குழாய் அடைபடாமலிருக்க சில நாட்கள் உள்ளே வைக்கும் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய். அவசரமாகச் சிறுநீர் வரும் உணர்வு, இடுப்பு வலி, கொஞ்சம் ரத்தம் என்று பலரைப் படுத்தும். எல்லோருக்கும் அது தேவைப்படாது. வைத்தால் எடுக்கும் தேதியை மறக்கவே கூடாது, மறந்த ஸ்டென்ட் மீதே கல் படியும்.

பிரிட்டனில் நடந்து 2022-ல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டில், அதிர்வலையில் தொடங்கியவர்களில் சுமார் 22 சதவீதத்தினருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டது. எண்டோஸ்கோப்பில் தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். எண்டோஸ்கோப் ஜெயித்தது என்று சொல்லலாம்தான். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், அதிர்வலையில் தொடங்கிய நான்கு பேரில் மூவருக்கும் மேல் கருவி எதுவும் உள்ளே போகாமலே தப்பியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு முக்கியமாகப் படுகிறது. கல் சிறியது, மேற்பகுதியில் இருக்கிறது, காத்திருக்க முடியும் என்றால் அதிர்வலையை முதலில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கீழ்ப்பகுதியில் 10 மி.மீ.க்கு மேல் என்றால் எண்டோஸ்கோப்தான் முதல் தேர்வு. கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாத கோளாறு சரிசெய்யப்படாதவர்களுக்கும் அதிர்வலை கூடாது.

காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் மட்டும் இந்த ஒப்பீடே வேண்டாம். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமித்தொற்று என்றால் உயிருக்கே ஆபத்து. அப்போது ஸ்டென்ட் வைத்தோ, முதுகு வழியாகக் குழாய் செருகியோ தேங்கியதை முதலில் வடிப்பார்கள். கல்லை உடைப்பதெல்லாம் தொற்று அடங்கிய பிறகுதான்.