சித்திரை வெயிலும் செயலியின் வேகமும்

திருநகரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், ஒரு மார்கழி மாதம், உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கி என் கணினியை நானே பூட்டினேன். கணினியின் மூளையான செயலியின் (பிராசசர்) வேகத்தை 4.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.7 ஆக உயர்த்தி, இரவு முழுவதும் கனமான கணக்குகளைக் கொடுத்துச் சோதித்தபோது அதன் வெப்பம் 87 டிகிரி செல்சியஸோடு நின்றது. ஒரு திருகைக்கூடத் தொடாத அதே கணினி, சித்திரை மாதப் பிற்பகலில் 100 டிகிரியைத் தொட்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. மார்கழி இரவில் அறையின் வெப்பம் 26 டிகிரி, சித்திரைப் பிற்பகலில் 39 டிகிரி. அந்த 13 டிகிரி அப்படியே செயலியின் மேல் ஏறியிருந்தது. புதிதாகக் கணினி பூட்ட விரும்புவோர் என்னிடம் கேட்கும்போது, வேகத்தைப் பற்றி அல்லாமல் வெப்பத்தைப் பற்றியே நான் முதலில் பேசத் தொடங்குவது இதனால்தான்.

நம் ஊரில் கேபினெட் முழுவதையுமே சி.பி.யு. என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. உண்மையில் அந்தப் பெயர், எல்லா உதிரிபாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டின் நடுவில் அமரும் செயலிக்கு மட்டுமே உரியது. அதற்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள், மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண்ணிய குழாய்களைப் போல வேலை செய்கின்றன. அவை எல்லாம் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும் என்பதற்காக மதர்போர்டு நொடிக்கு 10 கோடி துடிப்புகளைத் தருகிறது. செயலி அதை 45 என்ற பெருக்கு எண்ணால் பெருக்கி, நொடிக்கு 450 கோடி துடிப்புகளாக, அதாவது 4.5 கிகாஹெர்ட்ஸாக ஆக்கிக்கொள்கிறது. ஓவர்கிளாக், அதாவது செயலியை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது, பெரும்பாலும் இந்த 45-ஐ 47 ஆக மாற்றுவதுதான்.

மாற்றுவது எளிது, தாங்குவதுதான் கடினம். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நேரத்தில் ஒளியே சுமார் ஆறரை சென்டிமீட்டர்தான் பயணம் செய்யும். அந்தக் கணத்துக்குள் மின்குறி ஒன்று வரிசையாகப் பல டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடிக் கடந்து, சரியான விடையாக மறுமுனையில் நிற்க வேண்டும். துடிப்பு சுருங்கினால், விடை வந்து சேரும் முன்பே அடுத்த துடிப்பு வந்துவிடும், கணக்கு பிழையாகும், திரை நீலமாகி உறையும். வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும் என்பதால் பிழை நீங்குகிறது. ஆனால் அதற்குரிய விலை வெப்பம்.

அந்த விலை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். செயலி இயங்கும்போது செலவழிக்கும் மின்திறன், வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். என் செயலியில் வேகம் 4.5-லிருந்து 4.7 ஆகவும், வோல்டேஜ் 1.20-லிருந்து 1.30 ஆகவும் உயர்ந்தது. வேகத்தில் கிடைத்தது நாலரை சதவீதத்துக்கும் குறைவு. வெப்பத்தில் கூடியதோ சுமார் 23 சதவீதம். டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே போனால் வோல்டேஜையும் குறைத்துக்கொண்டே போகலாம், எனவே வெப்பம் கட்டுக்குள் இருக்கும் என்று ஐ.பி.எம். பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1974-இல் காட்டியிருந்தார்கள். மூடிய நிலையிலும் டிரான்சிஸ்டர்கள் வழியே கசியும் மின்சாரம் பெருகியதால் 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த வழி அடைபட்டது. 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டிய பென்டியம் 4 செயலியை இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகாமலே கைவிட்டது.

இந்த வெப்பத்தை வெளியேற்றும் பாதையில் முதல் தடை காற்று. செயலியின் மூடியும், அதன் மேல் அமர்ந்து வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகளின் தொகுப்பான ஹீட்சிங்க்கின் அடிப்பகுதியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று தங்கிவிடும். செம்போ காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. இரண்டுக்கும் நடுவில் தடவும் வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட், அந்தப் பள்ளங்களை மட்டும் நிரப்பினால் போதும். இட்லிக்குச் சட்னி ஊற்றுவதுபோல ஊற்றினால் அதுவே தடையாகும். அதற்கு மேல் உள்ள செம்புக் குழாய்களுக்குள், குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கிறது. அது செயலியின் அருகே ஆவியாகி, தகடுகளின் அருகே குளிர்ந்து நீராகித் திரும்புகிறது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மின்விசிறிக்கு அடியில் நமக்குக் குளிர்வதற்குக் காரணம் வியர்வை ஆவியாவது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அவ்வாறே. ஹீட்சிங்க்கின் தகடுகள் வியர்ப்பதில்லை. எத்தனை விசிறிகளைப் பூட்டினாலும் அவற்றை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. நீர்க்குளிரூட்டிக்கும் இதே எல்லைதான், ஏனெனில் அதுவும் கடைசியில் அறைக்காற்றிடமே வெப்பத்தை ஒப்படைக்கிறது. மேலும், 300 வாட் இழுக்கும் கணினி அந்த 300 வாட்டையும் அறைக்குள்ளேயே விடுகிறது. ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் உடல் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட் என்பதால், மூன்று பேர் கூடுதலாக அறைக்குள் வந்ததற்கு அது சமம்.

மதர்போர்டை வாங்கும்போது பளபளக்கும் விளக்குகளைப் பார்க்காமல், செயலியைச் சுற்றியுள்ள மின்மாற்றுப் பகுதியைப் பாருங்கள். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை அதுதான் 1.2 வோல்ட் அளவுக்கு இறக்குகிறது. 150 வாட் தேவைப்படும் செயலிக்கு அந்த வோல்டேஜில் 125 ஆம்பியர் ஓட வேண்டும். அந்தப் பகுதிக்குத் தனி ஹீட்சிங்க் இல்லாத போர்டில் ஓவர்கிளாக்கை முயலவே வேண்டாம் என்பது என் கருத்து. இன்டெல்லில் பொதுவாக எண்ணுக்குப் பின் கே என்ற எழுத்துள்ள செயலியும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் பெருக்கு எண்ணை மாற்ற முடியும், ஏ.எம்.டி.யின் பெரும்பாலான ரைசன் செயலிகளில் அந்தப் பூட்டு இல்லை.

கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைப் பொறுத்தவரை, இரண்டு துண்டுகளாக வாங்கி, போர்டின் கையேடு காட்டும் இரண்டு இடங்களில் செருகி, போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ரேமுக்கு உரிய வேக விவரக்குறிப்பை இயக்கிவிட்டால் போதும். ரேமின் தாமதம் துடிப்புகளில் எண்ணப்படுவதால், 3200 வேகத்தில் 16 துடிப்புத் தாமதமும், 6000 வேகத்தில் 30 துடிப்புத் தாமதமும் நேரமாகக் கணக்கிட்டால் ஒரே 10 நானோநொடிதான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் தோற்ற என் செயலியை நான் எதிர்த்திசையில் மாற்றினேன். வேகத்தை மீண்டும் 4.5-க்குக் கொண்டுவந்து, வோல்டேஜை 1.20-க்கும் கீழே, ஒவ்வொரு முறையும் 0.01 வோல்ட் இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் சோதித்தேன். 1.13-இல் கணக்கு பிழையானது, 1.14-இல் நிறுத்திக்கொண்டேன். இந்த எல்லை செயலிக்குச் செயலி மாறும் என்பதால், என் எண்ணை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வர்க்கக் கணக்கின்படி வெப்பம் பத்து சதவீதம் குறைய வேண்டும். 39 டிகிரி அறையில் செயலி 84 டிகிரியில் நிற்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தின் நடுவில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஜன்னலை மூடி வைத்துச் சோதித்தபோது திரை 83 என்று காட்டியது.