பிராசிக்யூட்டர்: வழக்கு நடத்துநர்

பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் நின்றுகொண்டு “பி.பி. ஆபீஸ் எங்க இருக்கு?” என்று கேட்டால் யாராவது ஒருவர் கை காட்டிவிடுவார். பி.பி. என்றால் பப்ளிக் பிராசிக்யூட்டர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் யாருக்கு வக்கீல் என்று கேட்டுப் பாருங்கள். போலீசுக்கு என்பார் ஒருவர், கவர்ன்மென்டுக்கு என்பார் இன்னொருவர். அடிபட்டு வந்து நிற்பவர் “எனக்குத்தான்” என்பார். மூன்றுமே முழுக்கச் சரியில்லை. சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

எனக்கு இது விளங்கியது எங்கள் பெரியம்மையால். பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பல வாய்தாவுக்குப் பிறகு சாட்சி சொல்லச் சம்மன் வந்தது. நான்தான் துணைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, “ஏலே, நாம வக்கீலே வைக்கலியே, நமக்கு யாருல பேசுவா?” என்று கேட்டாள். சற்று நேரத்தில் கோர்ட் டூட்டி ஏட்டு வந்து எங்களை ஏ.பி.பி., அதாவது உதவி பப்ளிக் பிராசிக்யூட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மேசை முழுக்கச் சிவப்பு நாடா கட்டிய கேஸ் கட்டுகள். அதில் ஒன்றை அவிழ்த்து, பெரியம்மை அன்று போலீசில் கொடுத்த வாக்குமூலத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார். “நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்கம்மா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான்.

கூண்டில் ஏறியவள், வண்டி ஓட்டியவனை அடையாளம் காட்டினாள். பின்னால் இருந்தவனைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் கேட்டபோது, “முகம் சரியாத் தெரியலைய்யா” என்று சொல்லிவிட்டாள். ஏ.பி.பி. எழுந்து அவளை மடக்கி வேறு மாதிரி சொல்ல வைக்கவில்லை. வெளியே வந்ததும் அவளுக்கு ஆதங்கம்: “அவுக நம்ம பக்கந்தானல? பொறவு ஏன் சும்மா இருந்தாக?”

இந்தக் கேள்விக்குப் பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிராசிக்யூட் என்ற ஆங்கில வினை லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘ப்ரோ’ என்றால் முன்னோக்கி, ‘செக்வி’ என்றால் தொடர்ந்து போதல். விடாமல் தொடர்வதுதான் மூலப் பொருள். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் பயணத்தைத் தொடர்வதற்கும் படிப்பைத் தொடர்வதற்கும்கூட இதே சொல்லைச் சொன்னார்கள். குற்றம் சாட்டுவதோ தண்டிப்பதோ சொல்லின் வேரில் இல்லை. தமிழில் நாம் ‘வழக்குத் தொடர்ந்தார்’ என்று சொல்கிறோமே, அங்கேயும் இதே ‘தொடர்’தான். இரண்டு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

‘வழக்கு’ இன்னும் ஆழமான சொல். வழங்குவது வழக்கு. தொல்காப்பியப் பாயிரம் ‘வழக்கும் செய்யுளும்’ என்று சொல்லும்போது அதற்கு மக்கள் வழங்கும் பேச்சு என்று பொருள். நடைமுறை, நியாயம், அப்புறம் அந்த நியாயம் பற்றிய தகராறு என்று பொருள் விரிந்துகொண்டே போயிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் பகுதிக்கு ‘வழக்குரை காதை’ என்றே பெயர். விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றுவிட்டு, அவன் மனைவி வந்து உரைத்த பிறகுதான் அங்கே வழக்கே தொடங்குகிறது. இன்றைய ‘வழக்குரைஞர்’ என்ற சொல்லுக்கும் இதே வடிவம்தான்.

ஆனால் கோர்ட் வாசலில் நாம் பேசுவதில் பாதி பாரசீகமும் அரபியும். வக்கீல், ஜாமீன், வாய்தா, ஆஜர், தாக்கல், ராஜி, கைது எல்லாம் நவாபு காலத்து நிர்வாகத்தோடு வந்து ஊன்றியவை. ‘பிராது’ என்பது பாரசீக ‘ஃபரியாது’; கூக்குரல், முறையீடு என்று பொருள். இவற்றை விரட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிராது கொடுத்தவருக்கு அந்தச் சொல் நன்றாகவே புரிகிறது. பிராசிக்யூட்டர் என்ற சொல் அப்படிப் புரியவில்லை என்பதுதான் என் கவலை.

பழைய ஆட்கள் ‘சர்க்கார் வக்கீல்’ என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அது சரியான பெயரும்கூட. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரனாருக்கு ஆயுள் தண்டனை விதித்தாரே, அந்த வழக்கில் எதிர்த் தரப்பு சக்கரவர்த்தி. மேல்முறையீடு சட்ட அறிக்கையில் ‘சிதம்பரம் பிள்ளை எதிர் சக்கரவர்த்தி’ என்றே பதிவாகியிருக்கிறது. ஓட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காகக் கோர்ட்டில் நின்ற ஒரு பிளீடரை சர்க்கார் கூண்டில் ஏற்றியது. அங்கே சர்க்கார் வக்கீல் சர்க்காருக்காகத்தான் பேசினார்.

‘போலீஸ் வக்கீல்’ என்ற பெயருக்கும் காரணம் உண்டு. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரும்வரை, மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் பெரும்பாலும் போலீஸ் அதிகாரிகளே வழக்கை நடத்தினார்கள். அந்தச் சட்டம்தான் உதவி பிராசிக்யூட்டர் என்று தனியாக ஒருவரை வைத்து, போலீசிடமிருந்து அந்த வேலையைப் பிரித்தது. ஐம்பது ஆண்டு ஆகியும் பேச்சில் பழைய பெயர் போகவில்லை. இன்றும் தமிழில் எழுதும் தீர்ப்பின் முதல் பக்கத்தில் ‘அரசுக்காக காவல் ஆய்வாளர், இன்ன காவல் நிலையம்’ என்று இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உண்மையில் அவர் போலீசின் ஆள் அல்ல. பிராசிக்யூட்டர் புலனாய்வு அமைப்பின் பகுதி இல்லை, சட்டப்படி சுதந்திரமான பொறுப்பில் இருப்பவர் என்று உச்ச நீதிமன்றம் 1994-இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குற்றப்பத்திரிகையில் ஓட்டை இருந்தால் சுட்டிக்காட்டுவது, சாட்சிகளை முதல் விசாரணை செய்வது, ஜாமீன் மனுவில் அரசுத் தரப்பைச் சொல்வது, விடுதலைத் தீர்ப்பு வந்தால் மேலே போகலாமா என்று கருத்து எழுதுவது எல்லாம் அவர் வேலை. வழக்கைத் திரும்பப் பெறுவதென்றாலும், அரசு சொன்னது என்பதற்காகப் பெற்றுவிட முடியாது. அவர் தன் புத்தியைச் செலுத்தி முடிவு செய்ய வேண்டும், நீதிமன்றமும் சம்மதிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டத்தில் இது 360-ஆவது பிரிவு. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அவர் கடமைகளில் இல்லை. பெரியம்மை தெரியவில்லை என்றபோது அவர் உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

நம் ஊரில் ஆளையும் பதவியையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருப்பவர் ஏ.பி.பி.; தேர்வாணையத் தேர்வு எழுதி வந்த நிரந்தர ஊழியர். செஷன்ஸ் கோர்ட்டில் நிற்பவர் பி.பி.; ஏழு ஆண்டாவது வழக்கறிஞராக இருந்தவர்களில், மாவட்ட ஆட்சியர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து தயாரிக்கும் பட்டியலிலிருந்து மாநில அரசு நியமிப்பது. சிவில் வழக்கில் அரசுக்காக ஆஜராகும் ஜி.பி., அதாவது கவர்ன்மென்ட் பிளீடர், வேறு. ‘அரசு வக்கீல்’ என்று பொதுவாகச் சொன்னால் இந்த மூன்று பேரும் அதில் அடக்கம். அந்தச் சொல் எனக்குப் போதாது என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெல்லைச் சீமையில் முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. தலித், பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை வழக்குகளுக்கு இங்கே தனிச் சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. அதற்குத் தனியாகச் சிறப்பு பிராசிக்யூட்டர். பாதிக்கப்பட்டவர் விரும்பிக் கேட்டால், பெயர் பெற்ற மூத்த வழக்கறிஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம் என்று 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் இருக்கிறது. சாதியின் பெயரால் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும்போது, கேட்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. மற்ற வழக்குகளிலும், பிராசிக்யூட்டருக்கு உதவியாகப் பாதிக்கப்பட்டவர் தன் செலவில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். முதன்மையாக நடத்துவது பிராசிக்யூட்டர்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் ‘அரசுத் தரப்பு வழக்கறிஞர்’ என்று எழுதுகின்றன. தவறில்லை, ஆனால் ‘தரப்பு’ என்றதும் ஒரு கட்சிக்காரர் வந்துவிடுகிறார். இலங்கைத் தமிழர்கள் ‘வழக்குத் தொடுநர்’ என்கிறார்கள். பூ தொடுப்பது, கணை தொடுப்பது போல வழக்குத் தொடுப்பது, அழகான சொல். ஆனால் வழக்கைத் தொடங்கி வைத்தவர் போன்ற தொனி அதில் இருக்கிறது. இங்கே தொடங்குவது பிராது கொடுத்தவரும் போலீசும்தானே. தமிழ்நாட்டு அரசு தன் துறைக்கு ‘குற்ற வழக்குத் தொடர்வுத் துறை’ என்றும், ஏ.பி.பி. பதவிக்கு ‘உதவி அரசு வழக்கு நடத்துநர்’ என்றும் பெயர் வைத்திருக்கிறது. தேர்வாணைய அறிவிப்போடு நின்றுவிட்ட அந்தப் பெயரைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

நடத்துநர் என்றதும் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் நினைவுக்கு வருகிறாரே என்று நண்பர் ஒருவர் தயங்கினார். பெரியம்மையிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் தயங்கவில்லை: “கேஸ் நடத்துதவுகன்னு சொல்லு. அதான நாங்களும் சொல்லுதோம்?” உண்மைதான். “அந்தக் கேஸை யாரு நடத்துதா?” என்று கேட்பது நம் பேச்சில் எப்போதும் உள்ளது. யார் பக்கம் என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை என்பதை அந்தச் சொல் சொல்கிறது. அதுதான் பிராசிக்யூட்டருக்குப் பொருத்தம்.

அவள் சாட்சியம் தீர்ப்பில் ‘அ.சா.1’ என்று வந்திருந்தது. அரசுத் தரப்பு முதல் சாட்சி. வண்டி ஓட்டியவனுக்குத் தண்டனை, பின்னால் இருந்தவனுக்கு விடுதலை.

எழுதும்போது ஒரு கவனம். ‘நடத்துனர்’ அல்ல, ‘நடத்துநர்’. ஓட்டுநர், இயக்குநர் போல இதற்கும் ‘நர்’ விகுதி. ‘வழக்குத் தொடர்வு’ என்பதில் ‘த்’ மிகும். ‘வழக்கு நடத்துநர்’ என்பதில் ஒற்று வராது.