கைப்பேசி எண்ணை உடனே நிறுத்திவிடாதீர்கள்

கணினியும் கைப்பேசியும் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. திரை உடைந்தது, தண்ணீரில் விழுந்தது என்று வருபவர்களுக்கு நடுவே, எந்தப் பழுதும் இல்லாத கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டுபவர்களும் உண்டு. "அப்பாவுடையது. பூட்டு எண் தெரியவில்லை" என்பார்கள். அப்பா இறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது.

பெரும்பாலும் என்னால் அதைத் திறக்க முடிவதில்லை. இன்றைய கைப்பேசிகளில் தகவல் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டே இருக்கிறது. திரைப்பூட்டு எண் இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு வழியில்லை. "திறந்து தருகிறோம்" என்று முன்பணம் கேட்பவர்களில் பலர், எல்லாவற்றையும் அழித்து வெறும் கருவியைத்தான் திருப்பித் தருகிறார்கள். வீட்டில் இருப்பவர்களே பிறந்த நாள், திருமண நாள் என்று ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதும் ஆபத்து. பத்து முறை தவறினால் தரவை அழிக்கும் வசதியை ஐஃபோனில் இயக்கி வைத்திருந்தால், பத்தாவது தவறோடு படங்கள் போய்விடும்.

ஒரு குடும்பத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இறந்தவர் மிகவும் ஒழுங்கானவர். நாற்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளின் பெயர்களையும் கடவுச்சொற்களையும் ஒரு நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். அப்பாவின் படங்களை எடுக்க வேண்டும் என்று அந்த நோட்டோடு மகள் வந்தார். மின்னஞ்சலின் கடவுச்சொல் சரியாகவே இருந்தது. ஆனால் புதிய கணினியிலிருந்து நுழைவதால், கைப்பேசிக்கு அனுப்பிய எண்ணைக் கேட்டது. கைப்பேசியோ பூட்டியிருந்தது. சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போடலாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாதக் கட்டணம் வீணாக எதற்கு என்று அவருடைய அண்ணன் முந்தைய வாரமே அந்த எண்ணை ரத்து செய்துவிட்டிருந்தார். அண்ணன்மேல் தவறில்லை. இறந்தவரின் எண் எதற்குத் தேவைப்படும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

கடைசியில் கைகொடுத்தது வீட்டு மூலையில் கிடந்த பழைய கணினி. அதன் உலாவியில் இறந்தவருடைய மின்னஞ்சல் வெளியேறாமல் அப்படியே திறந்திருந்தது. கணினியை விற்காமல் வைத்திருந்ததால் படங்கள் மீண்டன.

எண்ணை ரத்து செய்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிறுத்தப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். அதன்பின் அப்பாவின் கணக்குகளுக்கான ஓடிபி முகமறியாத ஒருவரின் கைக்குப் போகும். ஆகவே எல்லாக் கணக்குகளையும் முடிக்கும்வரை, ஓர் ஆண்டானாலும், மிகக் குறைந்த கட்டணத் திட்டத்தில் அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். கைப்பேசியை அணைக்காமல் மின்னேற்றிக்கொண்டே இருங்கள். அணைத்து மீண்டும் இயக்கினால் விரல்ரேகை எடுபடாது, பூட்டு எண்ணைத்தான் கேட்கும். "என் விரலையும் பதிந்து வைத்திருக்கிறார்" என்று நிம்மதியாக இருந்த மனைவிமார் பலர் இங்கேதான் தடுக்கி நின்றார்கள்.

எழுதி வைக்க நினைப்பவர்களிடம் நான் சொல்வது இது: நாற்பது கடவுச்சொற்கள் வேண்டாம். அவை மாறிக்கொண்டே இருக்கும், நோட்டு பழையதாகிவிடும். கைப்பேசியின் பூட்டு எண், முதன்மை மின்னஞ்சலின் கடவுச்சொல், கணினியின் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கடவுச்சொல் நிர்வாகிச் செயலி பயன்படுத்தினால் அதன் தலைமைக் கடவுச்சொல்லையும் சேருங்கள். கைப்பேசியும் மின்னஞ்சலும் கையில் இருந்தால் மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கடவுச்சொல்லைப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். மற்றக் கணக்குகளுக்குப் பெயரும், எதை மூட வேண்டும், எதிலிருந்து என்ன எடுக்க வேண்டும் என்ற ஒரு வரியும் போதும். மாதாமாதம் பணம் பிடிக்கும் சந்தாக்களையும் இதில் குறியுங்கள். கிரிப்டோ நாணயத்தை நீங்களே டிஜிட்டல் பணப்பையில் (வாலட்) வைத்திருந்தால் அதன் 12 அல்லது 24 மீட்புச் சொற்கள் இல்லாமல் யாராலும் மீட்க முடியாது, நீதிமன்ற உத்தரவு இருந்தாலும்.

வங்கிக் கணக்குகளின் பெயர்களை மட்டும் எழுதினால் போதும், கடவுச்சொல் தேவையில்லை. இறந்தவரின் பெயரில் உள்ளே நுழைந்து பணத்தை மாற்றுவது, வாரிசே செய்தாலும், சட்டச் சிக்கலில் முடியலாம். வங்கிக்குத் தெரிவித்து, உரிய வழியில் கோர வேண்டும். உயிலிலும் கடவுச்சொல்லை எழுதாதீர்கள். பல நாடுகளில் உயில் நீதிமன்றத்துக்குப் போனபின் யாரும் பார்க்கக்கூடிய ஆவணம் ஆகிவிடுகிறது. மூடிய உறையில் தனியாக வைத்து, அது இருக்கும் இடத்தை இருவரிடமாவது சொல்லுங்கள்.

நிறுவனங்களே சில வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன. கூகுளில் செயலற்ற கணக்குக்கான ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. 3 மாதம் முதல் 18 மாதம் வரை நீங்கள் குறிக்கும் காலத்துக்குக் கணக்கில் அசைவில்லை என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த 10 பேர் வரை தகவல் போகும். நீங்கள் அனுமதித்த கோப்புகளை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் விட்டால், 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். ஆப்பிளில் 2021 இறுதியில் வந்த 'லெகசி காண்டாக்ட்' (நமக்குப் பின் கணக்கைப் பார்க்க நாம் நியமிப்பவர்) அமைப்பில் 5 பேர் வரை சேர்க்கலாம். அணுகல் குறியீட்டையும் இறப்புச் சான்றிதழையும் காட்டினால் அவர்களுக்கு அனுமதி கிடைக்கும். சேமித்த கடவுச்சொற்கள் அதில் வராது. ஃபேஸ்புக்கிலும் அதே பெயரில் ஓர் அமைப்பு உண்டு, ஆனால் அதில் நீங்கள் நியமித்தவர் உங்கள் தனிச்செய்திகளைப் படிக்க முடியாது. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் அசைவின்றிக் கிடந்தால் பொதுவாக நீக்கப்படும். தேவையான உரையாடல்களை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இவற்றைச் செய்யாதபோது குடும்பம் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்பதற்கு ஜெர்மனியில் நடந்த வழக்கு ஒன்று போதும். 2012இல் இறந்த 15 வயது மகளின் ஃபேஸ்புக் கணக்கைப் பார்க்கப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். கணக்கும் வாரிசுகளுக்கே சேரும் என்று அந்நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 ஜூலையில். மகள் எப்படி இறந்தாள் என்று அறிய விரும்பிய பெற்றோர் ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

உறையை மூடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பேசியை அணைத்து, உறையோடு வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள். அவர் தானாகவே மின்னஞ்சல்வரை போய்ச்சேர வேண்டும். என் வீட்டில் இதைச் செய்தபோது, என் மனைவி தொடக்கத்திலேயே நின்றுவிட்டார். கருவியை இயக்கியதும் சிம்முக்கான பின் (PIN) எண்ணைக் கேட்டது. நான் எழுதாமல் விட்ட எண் அது. அன்று மாலையே எழுதிச் சேர்த்து, மறுபடியும் கைப்பேசியை அணைத்து அவர் கையில் கொடுத்தேன்.