மூத்தவள் பத்தாம் மாதத்தில் நடந்தாள். இளையவன் ஏன் இன்னும் நடக்கவில்லை?

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். மூத்த மகள் பத்து மாதத்திலேயே கைவிட்டு நடந்துவிட்டாள். இளைய மகனுக்குப் பதின்மூன்று மாதம் முடிந்தும் இன்னும் சுவரைப் பிடித்தபடியே நகர்கிறான். ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே சாப்பாடு. பிறகெப்படி இந்த வித்தியாசம்? அம்மம்மா நாவூறு என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோ பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதால் வந்த சோம்பல் என்கிறார்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்பிள்ளைகள் கலியாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டு வளவிலேயே, அல்லது அதற்கு அருகிலேயே குடியிருப்பது வழக்கமாதலால், அக்கா தங்கையரின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே முற்றத்தில் அம்மம்மாவின் கண்முன்னே வளர்கிறார்கள். ஒப்பிடாமல் இருக்க அங்கே யாராலும் முடியாது. ஒப்பிடுவது தவறென்று நான் சொல்லப்போவதில்லை. எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே என் கவலை.

முதலில் அந்தத் தாய்க்குரிய விடையைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து, 2006ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. அதன்படி, உடல்நலமுள்ள பிள்ளைகள் தனியே நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே பத்து மாதமும் இயல்பு. பதினான்கு மாதமும் இயல்பு.

ஒரே தாய் தகப்பன் என்ற வாதத்தை, உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் உடனேயே மறுப்பார்கள். முட்டையும் விந்தும் உருவாகும் ஒடுக்கற்பிரிவின்போது, பரம்பரையலகுகளைத் தாங்கும் 23 சோடி நிறமூர்த்தங்கள் பங்கிடப்படக்கூடிய விதங்களே 80 இலட்சத்துக்கு மேல். சோடி நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்குப் பரிமாற்றம் அவற்றை இன்னும் பெருக்கிவிடுகிறது. உடன்பிறந்தோர் சராசரியாகப் பாதிப் பரம்பரையலகுகளைப் பொதுவாகக் கொண்டிருப்பர் என்றாலும், 4401 சோடி உடன்பிறந்தோரை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வில் அந்த அளவு ஏறத்தாழ 37 சதவீதத்திலிருந்து 62 சதவீதம் வரை வேறுபட்டது. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது என்பது நம் பகுதியின் வழக்கு. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியில் உள்ள, தாயிடமிருந்து மட்டுமே வரும் டி.என்.ஏ. விடயத்தில் அது அழகாகப் பொருந்துகிறது, மற்றவற்றில் தகப்பனுக்கும் சரிபங்கு உண்டு.

ஆனால் பரம்பரையலகு நேராகச் சென்று பிள்ளையை நடக்கவைப்பதில்லை. இடையில் நடப்பதுதான் என்னை ஆண்டுக்கணக்காக மயக்கி வைத்திருக்கும் விடயம்.

பிறந்து சில நாட்களேயான பிள்ளையை அக்குளில் தாங்கி நிமிர்த்தி, உள்ளங்கால் தட்டையான ஓரிடத்தில் படும்படி பிடித்தால், அது கால்களை மாறி மாறித் தூக்கி வைக்கும். கழுத்தே நிற்காத பிள்ளை நடக்கிறது! தானாக நிகழும் இந்த அசைவை நடைத் தெறிவினை என்பர். ஏறத்தாழ இரண்டு மாதமானதும் அது மறைந்துவிடும். மூளையின் மேற்படலமான புறணி முதிர்ந்து கீழ்நிலைத் தெறிவினைகளை அடக்கிவிடுகிறது என்பதே நெடுங்காலம் பாடநூல்களில் இருந்த விளக்கம்.

எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க ஆய்வாளருக்கு அந்த விளக்கம் போதவில்லை. மல்லாந்து கிடக்கும் பிள்ளை கால் உதைப்பதை அவர் உற்றுப் பார்த்தார். ஏணையிலும் பாயிலும் நாமும் நாள்தோறும் பார்ப்பதுதான்: இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து மடங்குகின்றன, பிறகு சேர்ந்து நீள்கின்றன, அடுத்து மற்றக் கால். தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து பார்த்தபோது, இந்த உதைப்பும் அந்த நடையும் ஒரே அசைவு என்பது புலப்பட்டது. அப்படியானால், நிமிர்ந்து நிற்கும்போது அந்த அசைவை அடக்கும் மூளை, படுத்திருக்கும்போது மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? உதைப்பு இரண்டாம் மாதத்தில் நின்றுபோவதில்லையே.

முதல் இரண்டு மாதங்களில் பிள்ளையின் காலில் கொழுப்பு விரைவாகச் சேர்கிறது. தசையின் பலமோ அந்த வேகத்தில் கூடுவதில்லை. படுத்திருக்கும்போது அந்தப் பாரம் பொருட்டல்ல. நிமிர்த்திப் பிடித்தால் புவியீர்ப்புக்கு எதிராக முழுக் காலையும் தூக்கியாக வேண்டும். கால் மறக்கவில்லை, கனத்துவிட்டது என்று ஊகித்த தெலனும் அவருடைய குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, எளிமைக்கு ஓர் இலக்கணம். நன்றாக அடியெடுத்து வைத்த பிள்ளைகளின் கால்களில், அடுத்த இரு வாரங்களில் கூடவிருக்கும் நிறைக்குச் சமமான சிறு பாரங்களைக் கட்டினார்கள், அடிகள் குறைந்தன. பிள்ளைகளை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நிமிர்த்திப் பிடித்தார்கள்; அடிகள் பெருகின.

சாதாரணதரத்தில் நாம் மனப்பாடம் செய்த மேலுதைப்புத்தான் அது, வேறொன்றுமில்லை. வாவியில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று வலை இழுப்பவர் தம் உடல் பாரம் குறைவதை அன்றாடம் உணர்கிறார். அதே விசை ஒரு பச்சைப்பிள்ளையின் காலைத் தூக்கிவிட்டபோது, மூளை முதிர்ச்சியால் மறைந்ததாக நம்பப்பட்ட நடை திரும்பி வந்துவிட்டது. பின்னர் தெலன் ஏழு மாதப் பிள்ளைகளை மெதுவாக ஓடும் பட்டியின் மேல் தாங்கிப் பிடித்தும் பார்த்தார். தாமாக அடியெடுத்து வைக்காத அந்த வயதிலும், பட்டி காலைப் பின்னுக்கு இழுத்ததும் அவர்கள் ஒழுங்காக நடந்தார்கள். நடை மூளைக்குள் எழுதிப் பூட்டிய ஒரு கட்டளை அன்று. காலின் பாரம், தசையின் பலம், உடலின் சமநிலை, நரம்பிழைகளின் முதிர்ச்சி, பிள்ளை நிற்கும் தரை ஆகிய எல்லாம் ஒன்றுகூடும் நாளில் அது தானாகத் திரள்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று பின்தங்கினாலும் மற்றவை காத்திருக்கும்.

ஒரு தொட்டி, கொஞ்சம் சுடுதண்ணீர், சில சிறு பாரங்கள், ஒரு கமரா. அவ்வளவில் ஒரு பழைய கோட்பாடு ஆட்டங்கண்டது. இத்தகைய ஆய்வுக்கு இலட்சக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. மேற்சொன்ன உலக ஆய்வில் இலங்கை இல்லை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நம் மணல் முற்றங்களில் உடன்பிறந்த பிள்ளைகள் எவ்விதம் நடைக்கு வருகிறார்கள் என்பதைச் சில ஆண்டுகள் பொறுமையாகப் பதிவு செய்யச் சிறியதொரு நிதி ஒதுக்கினால், அது வீண்செலவாகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

பெரியம்மாவின் சொல்லில் பாதி உண்மை இருப்பது இப்போது தெரியும். இளையவனின் கால் மூத்தவளின் காலை விடக் கனமாக இருக்கலாம்; கனத்துக்கேற்ற பலம் சேரக் கூடுதல் நாட்கள் தேவைப்படலாம். சோம்பல் என்ற மறுபாதியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 12 முதல் 19 மாதம் வரையான பிள்ளைகள் விளையாடும்போது மணித்தியாலத்துக்குச் சராசரியாக 2368 அடிகள் வைத்து, 17 தடவை விழுந்தெழும்புவதாக அமெரிக்க ஆய்வாளர் கரன் அடொல்ஃபின் குழுவினர் 2012இல் எண்ணிக் காட்டினார்கள். அந்த வேலைக்கு ஆயத்தமாகும் பிள்ளையைச் சோம்பேறி என்பது அநியாயம்.

பழக்கினால் முந்துமா என்றால், ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன. பிள்ளை வளர்ச்சி ஆய்வாளர் ஆர்னோல்ட் கெசல் 1929இல் வெளியிட்ட ஆய்வில் ஒத்த இரட்டைச் சகோதரிகளில் ஒருத்திக்கு மட்டும் 46ஆம் வாரத்திலிருந்து ஆறு வாரங்கள் படியேறப் பழக்கினார்; 53ஆம் வாரத்தில் தொடங்கிய மற்றவள் இரண்டே வாரப் பயிற்சியில் ஏறத்தாழச் சமமாகிவிட்டாள். 1972இல் வெளிவந்த இன்னோர் ஆய்விலோ, பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை நடைத் தெறிவினையை நாள்தோறும் பழக்கிய பிள்ளைகள் சற்று முந்தியே நடந்தார்கள். பழகிய கால் பலத்தது என்று தெலனின் கண்ணால் பார்த்தால் இதில் முரண்பாடில்லை. சில்லுப் பூட்டிய இருக்கையில் பிள்ளையை இருத்தும் வோக்கர் மட்டும் வேண்டாம்: அது நடையை விரைவுபடுத்துவதில்லை, ஆபத்தும் உண்டு, கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டு தள்ளும் நம் பழைய மர நடைவண்டி வேறு வகை.

நாவூறு கழிப்பதில் அம்மம்மாவின் அன்பு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடுமானால் பிள்ளைக்குத் தீங்கு. 18 மாதமாகியும் நடக்காவிட்டாலோ, கற்ற ஒன்றை இழந்துவிட்டாலோ, ஒரு வயதாவதற்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை விட்டுவிட்டாலோ தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

மூத்தவளைப் பற்றிய நினைவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய முதலடி, நினைவில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்துவிடும். அவளுடைய வளர்ச்சிப் பதிவேட்டில் திகதி இருந்தால் அதையும், அந்த மாதத்து நிறையையும் எடுத்து, இளையவனின் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். அவள் தரையில் இருந்த நேரமும், அக்காவும் பெரியம்மாவும் மாறி மாறி ஒக்கலில் தூக்கிக்கொள்வதால் இவன் தரையில் இருக்கும் நேரமும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

சுவர் பிடித்து நகரும் இந்தப் பருவத்தை அரைநடை என்றும் எண்ணவேண்டாம். அடொல்ஃபின் இன்னோர் ஆய்வில், பிடித்து நகரும் பிள்ளைகள் கைப்பிடியில் இடைவெளி வந்தால் சரியாகக் கணித்து நின்றார்கள். தரையில் இடைவெளி வந்தபோதோ கவனிக்காமல் கால் வைத்தார்கள். அவர்களின் கவனமெல்லாம் கையில். இன்று இளையவன் சுவரை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறான் என்று பாருங்கள்: உள்ளங்கை முழுவதும் ஊன்றுகிறானா, விரல் நுனி மட்டும் தொடுகிறதா, சுவர் முடியும் மூலையில் நின்று கீழே பார்க்கிறானா? அதையும் திகதியோடு பதிவேட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.