பேசாப்படம்: ஊமையா, மௌனமா?

ஒரு சின்னக் கலை அருங்காட்சியகம். ஓவியக் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டு, மீட்டெடுத்த பழைய படம் ஒன்றைத் திரையிடப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியே 1902-இல் எடுத்த 'நிலாப் பயணம்'. சரி, அழைப்பிதழில் 'சைலண்ட் ஃபிலிம்' என்பதற்குத் தமிழில் என்ன போடுவது? ஊமைப்படம், மௌனப்படம், சலனப்படம், பேசாப்படம் என்று நாலு சொல் புழக்கத்தில் இருக்கிறது.

மெலியே காலத்தில் 'சைலண்ட்' என்ற அடைமொழிக்கே வேலை இல்லை. படம் அசைந்ததே அதிசயம். 1927-இல் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' என்ற பேசும்படம் வந்து, 1931-இல் 'காளிதாஸ்' தமிழில் பேசிப் பாடிய பிறகுதான் பழையதைப் பிரித்துக் காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. செல்போன் வந்ததும் வீட்டு போன் 'லேண்ட்லைன்' ஆன கதைதான்.

சலனப்படத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சலனம் என்றால் அசைவு. 'காளிதாஸ்' கூட அசையத்தான் செய்தது.

ஊமைப்படம் அப்படி லேசில் தள்ளக்கூடிய சொல் அல்ல. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் இந்தப் படங்களுக்கு வைத்த பெயரின் பொருளும் இதுவே. ஊமை நம்முடைய பழைய சொல். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாட்டில் ஓர் ஊமன் வருகிறான். வெயில் காயும் பாறையில் வெண்ணெய்; காவல் இருப்பவனுக்குக் கையும் இல்லை, கூப்பிட வாயும் இல்லை. உருகுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடியும். (அந்தக் காலத்துப் படங்கள் பதிவான நைட்ரேட் படச்சுருள் தகரப் பெட்டிக்குள் இளகிக் கெட்டுப்போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை சுருக்கென்று தைக்கும். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. மெலியே படத்தின், கையால் வண்ணம் தீட்டிய பிரதி 1993-இல் பார்சிலோனாவில் கிடைத்தபோது கட்டியாக இறுகிக் கிடந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேம்களைச் சரிசெய்து, 2011-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள்.)

ஆக, ஊமை என்ற சொல்லுக்குள் இயலாமை இருக்கிறது. படத்தில் இருப்பவர்களோ ஓயாமல் பேசுகிறார்கள். உதடு அசைகிறது, கை ஆடுகிறது, எதிராளி பதில் சொல்கிறான். நமக்குத்தான் கேட்கவில்லை. பிரெஞ்சு ஆய்வாளர் மிஷெல் சியோன் இதனால்தான் 'செவிட்டுப் படம்' என்பதே பொருத்தம் என்றார். தவிர, ஊமை என்பதை வசையாகக் கேட்டே வளர்ந்தவர்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கலாம். அழைப்பிதழில் அது வேண்டாம்.

மௌனப்படம் காதுக்கு இதமானது, பத்திரிகைகளும் விரும்புகின்றன. மௌனம் வடசொல், முனி என்பதிலிருந்து பிறந்தது. முனிவனின் நிலை மௌனம். தாயுமானவர் பாடிய மோனமும் அதுவே. வாய் இருந்தும், வேண்டுமென்றே அடங்கி இருப்பது. அந்தக் காலத்துக் கொட்டகையில் அடக்கத்தை எங்கே தேடுவது? மேல்நாட்டில் பியானோ வாசித்தார்கள். ஜப்பானில் பென்ஷி என்ற கதைசொல்லிக்காகவே கூட்டம் வந்தது. நம்மூர் டென்ட் கொட்டகையில் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று, படத்தின் நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்வார். என்னைக் கேட்டால், நாலில் இதமான சொல்லும் இதுதான், பொருந்தாத சொல்லும் இதுதான்.

பேசாப்படம் எளிமையான சொல். 'பேசாத' என்பதில் கடைசி எழுத்துப் போய் 'பேசா' நிற்கிறது. இலக்கணத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பார்கள். ஓடாக் குதிரை, பொய்யா விளக்கு மாதிரி. அதனால்தான் நடுவில் 'ப்' வருகிறது, விட்டுவிடக் கூடாது. பேசும்படம் என்ற சொல்லுக்குச் சரியான இணையும் இதுதான். முடியவில்லை என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல், பேச்சு இல்லை என்று மட்டும் சொல்கிறது.

அப்புறம், 'மீட்டெடுத்த' என்பதற்குப் பதிலாக 'புதுப்பித்த' என்று போட வேண்டாம். பழையதைப் பழையதாகவே காட்டத்தான் இத்தனை பாடு. 'மௌனப்படம், பியானோ இசையுடன்' என்று அச்சடித்தால் யாராவது சிரிப்பார்கள். 'மீட்டெடுத்த பேசாப்படம், பியானோ இசையுடன்' என்று போட்டுப் பாருங்கள், உறுத்தாது.