மாத்திரைக்கு வழி தெரியாது

"தலை வலிக்குப் போடுகிற மாத்திரை வயிற்றுக்குத்தானே போகிறது? தலை எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?" ஏழாம் வகுப்பு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தெரியாது. குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தோடு கால் கட்டைவிரல் வரை ஊர் சுற்றும். தனக்குப் பொருந்துகிற புரதம் எங்கே அகப்படுகிறதோ அங்கே வேலையைக் காட்டும். ஆஸ்பிரினுக்கு அந்தப் புரதம் காக்ஸ் என்ற நொதி. வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாக அது வேண்டும். ஆஸ்பிரின் அந்த உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971-ல் காட்டிய பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். மாத்திரையால் வயிறு புண்ணாவது அதனால்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். காக்ஸுக்குள் குறுகலான சுரங்கம் ஒன்று உண்டு. மூலப்பொருள் அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். இபுப்ரோஃபென் அங்கே போய் உட்காரும், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடும். ஆஸ்பிரின் அப்படியில்லை. தன்னிலிருந்து அசிட்டைல் என்ற துணுக்கைப் பிய்த்து, சுரங்கத்துக்குள் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிவிடுகிறது. சாவித் துவாரத்தில் தீக்குச்சி ஒடிந்து மாட்டிக்கொண்ட பூட்டு மாதிரி, அந்த நொதி அவ்வளவுதான்.

மற்ற செல்கள் புது நொதி செய்துகொள்ளும். செய்முறை உட்கருவில் இருக்கிறது. காயத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தக் கசிவை அடைப்பவை ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்). அப்படி ஒட்ட அவற்றுக்கும் காக்ஸ் உதவுகிறது. ஆனால் அவற்றுக்கோ உட்கருவே கிடையாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்களிலிருந்து உதிர்ந்த துண்டுகள் அவை. ஒருமுறை பூட்டு கெட்டால், ஆயுள் முடியும் வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அப்படியே சுற்ற வேண்டியதுதான். ஆஸ்பிரினோ ரத்தத்தில் 20 நிமிடத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது! மாத்திரை போன பிறகும் அதன் வேலை ஒரு வாரம் நீடிக்கிறது. இதய ரத்தக் குழாயில் தட்டுகள் ஒட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மாரடைப்பு வந்த தாத்தாவுக்குத் தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போதுமாக இருப்பது இதனால்தான்.

ஆஸ்பிரினை 'பிளட் தின்னர்' (ரத்தத்தை நீர்க்கச் செய்வது) என்பது எனக்கு எரிச்சல். ரத்தம் ஒன்றும் மோர் மாதிரி நீர்த்துப்போவதில்லை. தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறைகிறது, அவ்வளவே. வாட்ஸ்அப்பில் பூண்டு வைத்தியம் பார்த்துவிட்டுத் தாத்தாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், டெங்கு காலத்தில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். தட்டுகளின் எண்ணிக்கை ஏற்கெனவே சரிந்திருக்கும். மிச்சமிருப்பவற்றின் பூட்டிலும் தீக்குச்சியை ஒடித்துவிட்டால், ரத்தக் கசிவை அடைக்க ஆள் இருக்காது.