கழுத்தில் உதிர்வது, மூளையில் அடைப்பது

1954 மே 19 அன்று, லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் 66 வயதுப் பெண் ஒருவரின் கழுத்துத் தமனியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் அவருக்கு 33 முறை பக்கவாதம் போன்ற தாக்குதல் வந்திருந்தது. கை கால் வலுவிழக்கும், பேச்சு தடுமாறும், பிறகு எல்லாம் பழையபடி சரியாகிவிடும். ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகிய மூவர் அடங்கிய குழு அவருடைய உடலைச் சுமார் 28 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, தமனியின் குறுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைத்துத் தைத்தது. அதன்பின் அந்தத் தாக்குதல்கள் நின்றன.

குழாய் அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்றால், 33 முறை வந்து 33 முறையும் விலகியது எப்படி? இந்த நோயை நாம் ‘அடைப்பு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல் நோயின் பாதியைத்தான் காட்டுகிறது.

குரல்வளைக்குப் பக்கவாட்டில் விரலை மெல்ல வைத்தால் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது) துடிப்பது பொதுக் கழுத்துத் தமனி. குரல்வளையின் மேல்விளிம்பு மட்டத்தில் அது இரண்டாகப் பிரிகிறது; வெளிக்கிளை முகத்துக்கும் உட்கிளை மூளைக்கும் செல்கின்றன. உட்கிளை தொடங்கும் இடம் சற்றே புடைத்திருப்பதால், அதன் வெளிச்சுவரை ஒட்டி ரத்தம் வேகம் குறைந்து சுழல்கிறது. ஆறு பிரியுமிடத்தில் நீரோட்டம் தளர்ந்த கரையில் வண்டல் தங்குவதைப் போல, கொழுப்புப் படிவு பெரும்பாலும் இந்த ஓரத்திலேயே வளர்கிறது. புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை அதை விரைவுபடுத்துகின்றன. படிவை மூடியிருக்கும் மெல்லிய உறை கிழியும்போது, அந்த இடத்தில் தட்டணுக்கள் திரண்டு ரத்தக்கட்டி உருவாகிறது. அதிலிருந்து துணுக்குகள் பெயர்ந்து மேலே செல்கின்றன. துணுக்கு விரைவில் கரைந்தால் தாக்குதல் விலகிவிடும். கரையாவிட்டால் அது நிலையான பக்கவாதம்.

இதற்குக் கண் ஒரு சாட்சி. உட்கிளையிலிருந்து கண்ணுக்கும் ஒரு தமனி செல்வதால், ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்குவதுபோலப் பார்வை மறைந்து சில நிமிடங்களில் திரும்புவது இந்நோயின் முக்கிய அறிகுறியாகும். மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர், அப்படியொரு தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே நோயாளியின் விழித்திரையைக் கருவியால் பார்த்து, வெண்ணிறத் துணுக்குகள் ரத்தக்குழாய்களுக்குள் மெல்ல நகர்ந்து செல்வதைக் கண்டு 1959இல் பதிவு செய்தார்.

இன்னொரு சான்றும் உண்டு. ஒருபக்கத் தமனி முழுவதும் மூடிக்கொண்டபோதிலும், மூளையின் அடியில் தமனிகள் வளையமாக இணைந்திருப்பதால் மறுபக்க ரத்தம் ஈடுசெய்து, சிலர் எந்தக் குறையுமின்றி வாழ்கிறார்கள். முழுதும் மூடிய தமனியைப் பொதுவாக அறுவை சிகிச்சை செய்து திறப்பதில்லை. குறுகிய வழியில் இன்னும் ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும் தமனிதான் துணுக்குகளை மேலே அனுப்புகிறது.

கண்டறிவதற்கு முதலில் செய்வது, ஒலியலைகளால் ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன். குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும் என்பதே இதன் அடிப்படை. உட்கிளையில் உச்சவேகம் வினாடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பது இயல்பு. 230ஐத் தாண்டினால் குறுக்கம் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் என்று கணிக்கிறார்கள். இந்த 70 சதவீதம் விட்டத்தின் குறைவைக் குறிப்பது. பரப்பளவில் பார்த்தால் பாதையில் 9 சதவீதமே மிஞ்சுகிறது. அறிக்கையைக் கையில் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அடுத்து சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதி செய்வார்கள்.

யாருக்கு அறுவை சிகிச்சை தேவை? 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறி தோன்றி 70 சதவீதத்துக்கு மேல் குறுக்கம் இருந்தவர்களில், மருந்து மட்டும் பெற்ற 100 பேரில் 26 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத் தமனி சார்ந்த பக்கவாதம் வந்தது. அறுவை சிகிச்சை பெற்றவர்களில் அது 9 பேர். அறிகுறி தோன்றிய இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் இந்தப் பயன் முழுதாகக் கிடைக்கும். ஆகவே, “கை மரத்தது, சரியாகிவிட்டது” என்று ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடுவது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அறிகுறியே இல்லாதவர்களுக்குப் பயன் இதைவிடக் குறைவு. இன்றைய மருந்துகள் மேம்பட்டிருப்பதால் அவர்கள் விஷயத்தில் நிதானம் தேவை.

குறுகிய இடத்தை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பது மாற்று வழி. ஆனால் அதைக் கொண்டுசெல்லும் கம்பி படிவின் ஊடாகவே செல்ல வேண்டியிருப்பதால் துணுக்கு பெயரும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க, மேலே ஒரு நுண்வடிகட்டியை விரித்துவைப்பார்கள். 2010இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பக்கவாதமும், அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு மாரடைப்பும் சற்று அதிகமாக ஏற்பட்டன.

இன்றைய அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் தமனியை வெட்டி எடுப்பதில்லை. கழுத்தின் பக்கத்தசையை ஒட்டித் தோலைக் கீறி, நாக்கையும் குரலையும் இயக்கும் நரம்புகளைக் காத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைச் செலுத்தியபின் தமனியின் மூன்று பகுதிகளையும் கவ்விகளால் அடைக்கிறார்கள். சில இடங்களில் நோயாளியை விழித்த நிலையிலேயே வைத்து, எதிர்ப்பக்கக் கையில் ஒலியெழுப்பும் ரப்பர் பொம்மையைக் கொடுத்து அழுத்தச் சொல்வதுண்டு. ஒலி நின்றால், மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அறிந்து தற்காலிகக் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். பிறகு தமனியை நீளவாக்கில் திறந்து, படிவை உட்சுவரோடு சேர்த்து உரித்தெடுக்கிறார்கள். மேல்முனையில் ஒரு சிறு மடிப்புகூடத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால் அதன்மீது புதிய ரத்தக்கட்டி உருவாகும். திறந்த இடத்தில் டாக்ரான் என்ற செயற்கைத் துணியையோ, மாட்டின் இதய உறையிலிருந்து தயாரித்த ஒட்டுத்துண்டையோ வைத்து மயிரிழை போன்ற நூலால் தைக்கிறார்கள்.

கவ்விகளை அகற்றுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. வெளிக்கிளையையும் பொதுத்தமனியையும் முதலில் திறக்கிறார்கள். எஞ்சிய காற்றுக்குமிழோ துணுக்கோ இருந்தால் அது முகத்தின் பக்கம் போய்விடும். சில இதயத்துடிப்புகள் கடந்த பிறகே, மூளைக்குச் செல்லும் உட்கிளையின் கவ்வியைக் கடைசியாக எடுக்கிறார்கள்.